நாற்காலியை மறுத்தவர்

ஆமாம், நீங்கள் நினைக்கிற ஆள்தான். திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம் சார், வாய் விட்டுக் கேட்டுவிடலாம். அந்த வீடியோவில் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பவன் நான்தான். மாசிலாமணி, கவுன்சிலர். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். முன் சீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி இருக்கிறார், ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

பேண்ட் போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். பழைய பேண்ட். கொக்கி மாட்டவில்லை, சட்டையை வெளியே விட்டு மறைத்திருக்கிறேன். வீட்டில் கார் நிற்கிறது சார். டிரைவர் கட்சிக்காரர். நான் ஒரத்தநாட்டில் இறங்குவதற்கு முன்னால் செய்தி போய் என் சம்பந்தி வீட்டில் இறங்கிவிடும். அதனால்தான் தஞ்சாவூர் வந்து, ஆள் இல்லாத மூலையாகப் பார்த்து, இந்த பஸ்ஸில் ஏறினேன்.

ஒரத்தநாடு வர இன்னும் அரை மணியாவது ஆகும், இல்லையா? நல்லது. மெதுவாகவே போகட்டும். என் மகள் அங்கே எனக்காகக் காத்திருக்கிறாள். மகளிர் காவல் நிலையத்தில். பதினோரு மணிக்கு நான் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு.

முதலிலிருந்து சொல்கிறேன். ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள், பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மேயரம்மா, கூட கவுன்சிலர்கள் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் ஆண்கள். மேயரம்மா பேர் தமிழ்ப்பாவை. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைத் தலைவரே என்பேன். கட்சியில் அப்படித்தான். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். ஊர்ப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.

அந்த ஊர் நகர மன்றத்தில் வரவேற்பு. அந்த மன்றத்தின் தலைவர் ஒரு வயதானவர். நேராக வந்தார், தமிழ்ப்பாவையைத் தாண்டி வந்தார், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மிஸ்டர் மேயர், மிஸ்டர் மேயர் என்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, இந்த மீசை, இந்த வயிறு. மேயர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தப்புச் சொல்ல முடியாது சார். நம் ஊருக்குப் புதிதாக வருகிற அதிகாரிகளும் என்னிடம்தான் முதலில் சல்யூட் அடிப்பார்கள்.

அதற்குள் ஒரு பெண் வந்து மேயரம்மாவின் முழங்கையைப் பிடித்து, கையில் பூங்கொத்தைக் கொடுத்து, பக்கவாட்டில் கூட்டிப் போய்விட்டாள். அங்கே தனியாக ஒரு வரிசை. மனைவிமார்களுக்காம். நாங்கள் குப்பையைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் அவர்களுக்குப் பூந்தோட்டம் சுற்றிக் காட்டுவார்களாம்.

சத்தியமாக நான் அதைக் கவனிக்கவில்லை. என்னைக் கூட்டிப் போய் நடு நாற்காலியைக் காட்டினார்கள். மெத்தை வைத்த பெரிய நாற்காலி. உட்காரப் போனேன். பாதி உட்கார்ந்தாகிவிட்டது. அப்போது கடைக்கண்ணில் ஒரு பச்சைப் புடவை. மேயரம்மா நின்றுகொண்டிருக்கிறார். அவ்வளவுதான், ஸ்பிரிங் மாதிரி எழுந்துவிட்டேன். என்னைப் பார்த்து மற்ற மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.

உங்களுக்குக் கட்சிப் பழக்கம் இருக்கிறதா? இல்லையா? அப்படியானால் புரியாது. தலைமை நிற்கும்போது நாம் உட்காரக் கூடாது சார். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்புக்கே தெரிந்துவிடும். எங்கள் பக்கத்து வார்டு கந்தப்பன் ஒரு பொதுக்கூட்டத்தில் மாவட்டம், அதாவது எங்கள் மாவட்டச் செயலாளர், நின்று பேசும்போது மூட்டு வலிக்கிறது என்று உட்கார்ந்தான். அடுத்த தேர்தலில் அவனுக்கு சீட் இல்லை. மூட்டு வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் நின்றோம். நின்றதோடு, பழக்கத்தில், கையையும் கட்டிக்கொண்டோம். நமக்குக் கை கட்டினால் மரியாதை. அந்த ஊரில் கை கட்டி நின்றால் கோபமாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் உட்காருங்கள் உட்காருங்கள் என்கிறார்கள், நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறோம். கேமராக்காரர்கள் ஓடி வருகிறார்கள்.

மேயரம்மா பூங்கொத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். சத்தம் போடவில்லை. “மேயர் நான்தான். எனக்கு எந்த நாற்காலி?” என்று கேட்டார். “நாங்க சாக்கடைக்கும் குப்பைக்கும் வழி கேட்டு வந்திருக்கோம். பூந்தோட்டம் எங்க ஊர்லயே இருக்கு. பெண்களைத் தனியா ஒதுக்கி வைக்கிற வரவேற்பு எனக்கு வேண்டாம்.” எங்களுக்கு மொழிபெயர்க்க ஓர் ஈழத்துப் பெண் வந்திருந்தாள், சிவகௌரி என்று பேர். அவள் ஒரு சொல் விடாமல் அவர்கள் மொழியில் சொன்னாள். கிழவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். நாற்காலிகளை எல்லாம் மாற்றிப் போட்டார்கள். மேயரம்மா பேசியது அவ்வளவுதான், இரண்டு மூன்று வாக்கியம்.

நாங்கள் வெளியே வந்தபோது ஒரு சின்னப் பெண் மைக்கை நீட்டினாள். மேயரம்மாவிடம் இல்லை, என்னிடம். சிவகௌரி சொன்னாள், “ஐயா, நீங்கள் ஏன் எழும்பினீங்கள் எண்டு கேக்கினம்.”

மைக்கைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது சார். அது ஒரு வியாதி. சொன்னேன், “ஒரு பெண்ணை நிற்க வைத்துவிட்டு ஓர் ஆண் உட்காருகிற நாற்காலி, அது தங்க நாற்காலியாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.” சிவகௌரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைத் திருப்பிச் சொன்னதும் அங்கே நின்ற வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். மறுநாள் பேப்பரில் நான் பாதி எழுந்து நிற்கிற படம். மேயரம்மாவின் புடவை முனை மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

பேப்பரைப் பார்த்துவிட்டு வேனில் வரும்போது அந்தம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நீங்க எதுக்கு எழுந்தீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“தலைவரே, அது வந்து…”

“இருக்கட்டும். ஊரறியச் சொல்லிட்டீங்க. இனிமே அதைக் காப்பாத்துங்க, போதும்.”

படத்தில் என் முகம் பெரிதாக வந்துவிட்டதே என்று வருத்தம் அவருக்கு. வேறென்ன?

ஊருக்கு வந்தால் ரயில் ஸ்டேஷனிலேயே தாரை தப்பட்டை. ‘நாற்காலியை மறுத்த நாயகரே’ என்று ஃபிளெக்ஸ். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், கல்லூரியில் கூப்பிடுகிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம்கூட ஒரு மகளிர் கல்லூரியில் சால்வையும் கேடயமும் தருகிறார்கள். வீட்டம்மாவையும் மகளையும் கூட்டி வாருங்கள், முன் வரிசையில் இடம் போட்டிருக்கிறோம் என்று அந்த முதல்வரம்மா போனில் சொல்கிறார். நான் சரி சரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தொல்லையும் சேர்ந்து வந்தது. என் வார்டில் பால் ஊற்றுகிற பொம்பளை வாசலில் வந்து நின்றாள். “அண்ணே, நீங்க ஒரு வார்த்தை வந்து என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, தெனமும் அடி தாங்கல.” நான் என்ன செய்ய முடியும்? சுகாதார ஆய்வாளரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஏதோ ஓர் அதிகாரியைப் பார்த்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும், இல்லையா?

இப்போது என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பேர் எழிலரசி. ஒரே பிள்ளை. பி.காம் படித்தவள். ஒரத்தநாட்டுப் பக்கம்தான் கட்டிக் கொடுத்தேன். நல்ல இடம். அரிசி ஆலை, தென்னந்தோப்பு. சம்பந்தி ரெத்தினவேலு எங்கள் கட்சியில் ஒன்றியச் செயலாளர். மாவட்டத்திடம் அவர் சொன்னால் நடக்கும். மாப்பிள்ளை கதிரவனும் நல்ல பையன்தான் சார். குடி கிடையாது, சூது கிடையாது. கொஞ்சம் முன்கோபி. அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு எழில் வந்தபோது இடது கையில் ஒரு விரல் வீங்கி நீலமாக இருந்தது. காரில் ஏற்றி எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். போகிற வழியில் சொன்னாள். விருந்தாளிகள் இருக்கும்போது மாப்பிள்ளை ஏதோ ஆலைக் கணக்குச் சொல்லியிருக்கிறார். இவள், “இல்லீங்க, அது இவ்வளவு வரும்” என்று திருத்தியிருக்கிறாள். அவர்கள் போன பிறகு அவர் இவள் விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்திருக்கிறார். டாக்டர், “விரல் உடைஞ்சிருக்கே, எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “கார்க் கதவு சார், நான்தான் பார்க்காம சாத்திட்டேன்” என்றேன். பெற்றவன் வேறு எப்படிச் சொல்வான்? பழியை என் மேலேயே போட்டுக்கொண்டேன். திரும்பும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

அந்த வீடியோ வந்ததா? அதை அவள் எத்தனை தடவை பார்த்தாளோ தெரியாது. ஒருநாள் போன் வந்தது. “அப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். மாமா, அத்தை, இவரு எல்லாரும் இங்கதான் இருக்காங்க. நான் ஒரு வேலைக்குப் போகணும்னு கேட்டேன், அதுக்குப் பெரிய பஞ்சாயத்து. நீங்க அங்க சொன்னதை இவங்ககிட்ட ஒருதடவை சொல்லுங்கப்பா.”

ஸ்பீக்கரில் போட்டு இப்படிக் கேட்கலாமா சார்? முன்கூட்டி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அந்தப் பக்கம் யாரோ காப்பி ஆற்றுகிற சத்தம்கூடக் கேட்கிறது. சம்பந்தி தொண்டையைச் செருமுகிறார்.

“மேடை வேற, வீடு வேற. பெரியவங்க சொல்றபடி அனுசரிச்சுப் போம்மா” என்றேன்.

சம்பந்தி சிரித்தார். “கேட்டுக்கிட்டியாம்மா? உங்க அப்பாரு வெளிநாட்டுக்குச் சொன்னது வெளிநாட்டுக்கு.” மாப்பிள்ளையும் சிரித்தார். எழில், “சரிப்பா” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மணிக்கட்டு. வலது கை. எலும்பு விட்டுப் போயிருக்கிறது.

இல்லை சார், அதற்கும் போனுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முன்கோபிதான் என்று சொன்னேன் இல்லையா? என் சம்சாரமும் இப்படித்தான் பார்த்தாள்.

அடிபட்ட கையோடு அவள் எங்கள் வீட்டுக்குத்தானே வர வேண்டும்? வரவில்லை. நேராக மேயரம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறாள். நான் தினமும் போகிற அதே அலுவலகம். மாடியில் நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன், கீழே என் மகள் தூளிக்கட்டுப் போட்ட கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. அந்தம்மா வக்கீல் ஒருத்தரைப் பிடித்துக் கொடுத்து, புகார் எழுத வைத்துவிட்டார். குடும்பத்துக்குள்ளே பேசி முடிக்கிற விஷயத்தை இப்படி ஊருக்குக் கொண்டு வந்தது அந்தம்மாதான். “தலைவரே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றேன். “கேட்டேன் அண்ணே, வேன்ல” என்றார். இது ஒரு பதிலா?

இன்ஸ்பெக்டரம்மா எழிலிடம் கேட்டிருக்கிறார்: இதற்கு முன்னால் நடந்தது யாருக்காவது தெரியுமா, பார்த்தவர்கள் யாராவது உண்டா? இவள் என் பேரைச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள், உண்மையில் என்ன நடந்தது என்று அப்பாவுக்குத்தான் தெரியும். அப்பா வந்து சொல்வார். அப்படிச் சொல்லியிருக்கிறாள். இன்று பதினோரு மணிக்கு இரண்டு பக்கமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். “அப்பா புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம், நடந்தது நடந்தபடி சொன்னா போதும்” என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். நான் சொல்லாவிட்டால் விரல் உடைந்தது கார்க் கதவில்தான் என்று ஆகிவிடும். மணிக்கட்டுக்கு வழுக்கி விழுந்தாள் என்பார்கள். அவர்கள் வக்கீல் தயாராக இருக்கிறார். அப்புறம் அவள் திரும்பவும் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். தெரியும் சார். எனக்கும் அது தெரியும்.

ரெத்தினவேலுவும் போன் செய்தார். மிரட்டவில்லை. அதுதான் எனக்குப் பயம். “மாசிலாமணி, நீ வர மாட்டே, எனக்குத் தெரியும். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ள வைக்கத் தெரிஞ்சவன் நீ. துணை மேயர் விஷயமா மாவட்டத்துகிட்ட பேசிட்டேன். தை பொறந்ததும் உனக்கு நல்ல சேதி.” இப்படிச் சொன்னார். துணை மேயர் என்றால் சும்மாவா சார்? போஸ்டர் ஒட்டுகிற பையனாக இருந்து வந்தவன் நான். பசைவாளி தூக்கியவன். நான் அந்த இடத்துக்கு வந்தால் நாளைக்கு எழிலுக்குத்தானே பெருமை? அந்த வீட்டில் அவளுக்கு ஒரு மதிப்பு வருமே? துணை மேயர் மகளின் விரலை எவன் வளைப்பான்? இதை அவள் யோசிக்க மாட்டேன் என்கிறாள்.

என் சம்சாரத்திடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கோகிலம் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள். பிறகு என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. முதல் பஸ்ஸுக்கே மகளிடம் போய்விட்டாள். என்னிடம் சொல்லாமல் அவள் கோயிலுக்குக்கூடப் போனதில்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை. பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேண்ட்டைத் தேடி எடுத்தேன். கிளம்பிவிட்டேன். ஆனால் போய் என்ன சொல்லப் போகிறேன்? தெரியவில்லை. ஒரு நிமிஷம் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. நான்தான் சார், டாக்டரிடம் பொய் சொன்னது நான்தான், அவன்தான் விரலை உடைத்தான். மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் வருகிறது. மேடையாக இருந்தால் சொல்லியே விடுவேன். அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் ரெத்தினவேலு உட்கார்ந்திருப்பாரே? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள் சார். உங்களுக்குப் பெண் பிள்ளை உண்டா? உண்டா? சரி, விடுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

கண்டக்டர் கூப்பிடுகிறாரே. ஒரத்தநாடா? அதற்குள்ளா? அரை மணி என்றீர்களே!

கூட்டம் இறங்கட்டும். முட்டி மோதிக்கொண்டு எதற்கு? வயசானவர்கள் முதலில் போகட்டும்.

அதோ பாருங்கள். அந்த டீக்கடை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பெஞ்சில், ஊதாப் புடவை. அதுதான் கோகிலம். பக்கத்தில் மாவுக்கட்டோடு இருக்கிறாளே, அவள்தான் எழில். இளைத்துப் போய்விட்டாளே சார். கன்னமே இல்லையே. வலது கை முடியாது இல்லையா, அவள் அம்மா பன்னை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு வேகமாக விழுங்குகிறாள் பாருங்கள். பயம் வந்தால் அவள் அப்படித்தான் சாப்பிடுவாள்.

அந்த வெள்ளைக் கார் ரெத்தினவேலு கார். கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு இந்த பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோகிலமும் பார்க்கிறாள். இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்க்கிறாள். படி பக்கமே பார்க்கிறாள். இறங்கிவிடுகிறேன் சார். இதோ, இறங்கிவிடுகிறேன். கொஞ்சம் காலை நகர்த்துங்கள்…

இருங்கள். பார்த்துவிட்டாள்.

என்னைப் பார்த்துவிட்டாள் சார். ஜன்னலில் நேராக என் முகத்தைத்தான் பார்க்கிறாள். கையைக் காட்டவில்லை. கூப்பிடவில்லை. எழிலிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அந்தப் பக்கம் மாறி உட்காருகிறாள். மகளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு. எழில் இந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது என்னைப் பார்க்க முடியாது. கோகிலம் மறுபடியும் பன்னைப் பிய்க்கிறாள்.

புரிந்ததா சார்? அவளே வேண்டாம் என்கிறாள். என் நிலைமை அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் இல்லையா? நான் வராமல் இருப்பதுதான் நல்லது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நானாகச் சொல்லவில்லை. நீங்களே சாட்சி.

கண்டக்டர், பட்டுக்கோட்டைக்கு ஒண்ணு.

பணத்தை என் பையிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள் சார். பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் குனிந்துகொள்கிறேன்.